மடிக்கணினி கண் திறக்க மறுத்தால்...

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலைப் பொழுது. கிள்ளானில் என் வீட்டு வாசலில் ஒரு தாய் துணிப்பையை மார்போடு அணைத்தபடி வந்து நின்றார். பின்னால் அழுது சிவந்த கண்களோடு அவர் மகள். என்னிடம் படித்தவள், இப்போது ஆறாம் படிவம்.

"சார், கம்ப்யூட்டர் பூட் ஆகலையாம். பூட்டிக்கிச்சா சார்? கடையில ஃபார்மெட் அடிக்கணும்கிறாங்க. அடிச்சா இவ எழுதினதெல்லாம் போயிருமாம். நாளன்னிக்குப் பள்ளிக்கூடத்துல கொடுக்கணும்!"

ஃபார்மெட் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிற்றைப் பிசையும். சில ஆண்டுகளுக்கு முன் என் கணினிக்கும் இதே கதி. "அடிச்சிரலாமா சார்?" என்று கடைக்காரர் கேட்டார். பெரிய விவரம் தெரிந்தவன் போல, "அடிங்க" என்றேன். எங்கள் தோட்டத்து லயன் வீடுகள், பால் கொட்டகை, கோயில் திருவிழா என்று நான் எடுத்து வைத்திருந்த படங்கள் அத்தனையும் போயின. மறுபடி எடுக்கலாமென்றால், தோட்டமே வீடமைப்புக்குப் போய்விட்டது. கடைக்காரரை நொந்து பயனில்லை, கேட்டுத்தான் அடித்தார்.

ஆகவே பெற்றோர்களே, கடைக்கு ஓடுமுன் கணினி எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். பொத்தானை அமுக்கியதும் முதலில் மின்சாரம் பாய வேண்டும். அடுத்து, கணினி தன் உறுப்புகளைத் தானே சோதித்துக்கொள்ளும். கடைசியாகத்தான் வட்டிலிருந்து விண்டோஸ் எழுந்து வரும்.

விளக்கே எரியவில்லையா? சார்ஜரை வேறு பிளக்கில் மாட்டிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் சார்ஜரைக் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிடம் விடாமல் அமுக்கிப் பிடியுங்கள். உள்ளே தங்கிய மின்சாரம் வடிந்ததும், சார்ஜரை மாட்டித் திறந்தால் சில கணினிகள் ஒன்றுமே நடவாதது போல் எழுந்துகொள்ளும். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் இதையெல்லாம் விட்டுவிடுங்கள். சார்ஜ் ஏற்றக் கூடாது, குத்தவும் கூடாது. அது தீப்பிடிக்கக் கூடிய பொருள்.

விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டா? டார்ச் அடித்துத் திரையை உற்றுப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் திரையின் பின்விளக்குக் கோளாறு. எச்டிஎம்ஐ வயரால் வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்தும் பார்க்கலாம். அங்கே படம் வந்தால் உங்கள் கோப்புகள் பத்திரம்; கெட்டது திரைதான்.

கம்பெனிப் பெயர் வந்து, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் சிக்கல் விண்டோஸில் இருக்கலாம். பக்கத்தில் பென்டிரைவ் செருகியிருந்தால் உருவிவிடுங்கள்; சில கணினிகள் அதிலிருந்து எழப் பார்த்துத் திணறும். வட்டிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் திரும்பத் திரும்பத் திறக்காதீர்கள்.

இந்தக் கோளாறு நம் வீட்டுக்கு மட்டும் வருவதன்று. 2024 ஜூலை 19-ஆம் நாள் கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான கோப்பு ஒன்றால், உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் எழ முடியாமல் நீலத்திரையில் நின்றன. விமான நிலையங்களில் கூட்டம் காத்துக் கிடந்தது. பல கணினிகளை ஆட்கள் ஒவ்வொன்றாக சேஃப் மோடில் திறந்து, அந்தக் கோப்பை நீக்கித்தான் எழுப்பினார்கள்.

அந்தப் பெண்ணின் கணினியிலும் வட்டம்தான் சுற்றியது. எழும்போதே பொத்தானை அமுக்கி மூன்று தடவை அணைத்தோம். அடுத்த தடவை பழுது பார்க்கும் பக்கம் தானாக வந்தது. அங்கேதான் கவனம் வேண்டும். 'ரீசெட்' என்பதைத் தொட்டு 'எல்லாவற்றையும் நீக்கு' என்று கொடுத்தால் கதை முடிந்தது. நாங்கள் 'ஸ்டார்ட்டப் ரிப்பேர்' கொடுத்தோம்; பலிக்கவில்லை. 'ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ்' போய் சேஃப் மோடு தேடினால், பிட்லாக்கர் என்ற பூட்டுக்கு 48 இலக்கச் சாவி கேட்டது! (அம்மா சொன்ன பூட்டு சரிதான் போலும்.) நல்லவேளை, கைப்பேசியில் அவளுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்தால் சாவி அங்கே இருந்தது.

சேஃப் மோடில் கணினி எழுந்தது. அவள் எழுதிய 30 பக்கமும் இருந்தன. பென்டிரைவில் படியெடுத்த பிறகுதான் ஃபார்மெட் பேச்சையே எடுத்தோம்.

சேஃப் மோடும் வராவிட்டால் கடைக்குப் போகத்தான் வேண்டும். பிரிக்பீல்ட்ஸோ, கிள்ளானோ, லோயாட்டோ, எங்கே போனாலும் வாய் திறந்து சொல்லுங்கள்: "முதல்ல ஃபைலை எடுத்துக் கொடுங்க, அப்புறம் மத்ததைப் பாருங்க." பெரும்பாலான கணினிகளில் வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி எடுக்க முடியும், பிட்லாக்கர் இருந்தால் அந்தச் சாவியும் வேண்டும். எவ்வளவு வெள்ளி என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

புறப்படும் முன் அந்தத் தாய் மளிகைக் கணக்கு நோட்டை எடுத்து மகளிடம் நீட்டி, கடைசிப் பக்கத்தில் அந்த 48 இலக்கத்தையும் எழுதச் சொன்னார். எழுதியதை நானும் ஒரு தடவை சரிபார்த்தேன்.