பளபளப்பை நம்பாதீங்க... தட்டிப் பாருங்க!

மெரினாவுக்கோ நாகப்பட்டினத்துக்கோ போகிறவர்கள், கரையில் வரிசையாக நிற்கும் ஃபைபர் படகுகளோடு ஒரு செல்ஃபி எடுக்காமல் திரும்புவதில்லை. அடுத்த முறை அப்படியொரு படகில் ஏறி நிற்கும் வாய்ப்பு கிடைத்தால், காலுக்குக் கீழே கவனியுங்கள். தளம் கல் மாதிரி இருக்கிறதா, மெத்தை மாதிரி லேசாக அமுங்குகிறதா? அமுங்கினால், மேலே எவ்வளவு பளபளத்தாலும் உள்ளே வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகுதான் நம் கிழக்குக் கடற்கரையில் கட்டுமரத்தின் இடத்தை ஃபைபர் படகு பெருமளவில் பிடித்தது. கட்டுமரத்தில் ஒரு கட்டை கெட்டுப்போனால் கயிற்றை அவிழ்த்து, அதை மட்டும் மாற்றிவிடலாம். கரைக்கு வந்ததும் பிரித்துக் காயப்போடவும் முடியும். ஃபைபரில் அந்த வசதி இல்லை. கண்ணாடியிழையும் ரெசினும் ஒன்றாக இறுகி ஒரே ஓடாகிவிடுகின்றன. கெட்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

‘ஃபைபர்தான் மக்காதே, அப்புறம் ஏன் கெடுகிறது?’ என்று கேட்கலாம். மக்குவது ஃபைபர் அல்ல. அதன் வயிற்றில் இருக்கும் பிளைவுட். ஆள் நின்று வலை இழுக்கும் தளம் விறைப்பாக இருக்க வேண்டும் என்பதற்காக, பல படகுகளில் இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே பிளைவுட்டோ ஃபோமோ வைத்துத் தளம் போடுகிறார்கள். பிறகு கயிறு கட்டும் கொக்கிக்கும் மூடிக்கும் அதில் துளை போட்டு ஸ்க்ரூ முடுக்குகிறார்கள். அந்தத் துளை வழியாகத்தான் தண்ணீர் உள்ளே போகிறது. போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. பிளைவுட் ஊறி, உப்பி, கடைசியில் நனைந்த ரஸ்க் மாதிரி ஆகிவிடுகிறது. மேலே இருக்கும் ஃபைபர் ஓடு பிடிமானம் இல்லாமல் தனியாக நிற்கிறது. இருட்டில், அலையில், பாரமான வலையை இழுத்துக்கொண்டு ஒருவர் அந்த இடத்தில் காலை ஊன்றினால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

நோயைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். ஒரு சின்னச் சுத்தியல் போதும், ஐந்து ரூபாய் நாணயம்கூடப் போதும். தளத்தைக் கை அகலத்துக்கு ஒரு முறை தட்டிக்கொண்டே வர வேண்டும். நல்ல இடம் ‘டக் டக்’ என்று கணீரென ஒலிக்கும். கெட்ட இடம் ‘தொப்’ என்று மந்தமாகச் சொல்லும். தேங்காய் தட்டிப் பார்த்து வாங்கத் தெரிந்தவர்களுக்கு இது சுலபம். ஒலி மாறும் இடத்தில் எல்லாம் சாக்பீஸால் கோடு போட்டால், கெட்ட பகுதியின் வரைபடம் தயார். வெளியே தெரியும் விரிசலைவிட அது பெரிதாகவே இருக்கும்.

இரண்டு நாள் வேலையா, பத்து நாள் வேலையா?

இங்கேதான் படகுக்காரருக்கு மனக்கணக்கு தொடங்குகிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை விசைப்படகுகளுக்குத்தான். அவர்கள் அந்தக் காலத்தில் படகைக் கரையேற்றிச் சரிசெய்துகொள்கிறார்கள். நாட்டுப்படகுகளாகக் கணக்கிடப்படும் ஃபைபர் படகுகளுக்கு அந்தக் கட்டாய ஓய்வு கிடையாது. விசைப்படகுகள் நிற்கும்போதுதான் இவர்கள் மீனுக்கு நல்ல விலையும் கிடைக்கும். ஆக, கரையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானம் போன நாள். அந்தப் படகை நம்பியிருக்கும் மூன்று, நான்கு வீடுகளுக்கும் சேர்த்து.

அதனால்தான் ‘மேலே ரெண்டு மேட் ஒட்டி, பெயின்ட் அடிச்சிடலாம்’ என்ற யோசனை இனிக்கிறது. இரண்டு நாளில் படகு கடலில் இறங்கிவிடும். ஆனால், ஈரமான மரத்தின் மேல் ஒட்டிய மேட், சேற்றுச் சுவரின் மேல் அடித்த டிஸ்டெம்பர் மாதிரிதான். உள்ளே இருக்கும் தண்ணீரை நிரந்தரமாக மூடி சீல் வைத்ததைத் தவிர அது வேறொன்றும் செய்வதில்லை. அடுத்த வருடம் அறுக்கும்போது கெட்ட பரப்பு இன்னும் விரிந்திருக்கும். என் பார்வையில், அந்தக் காசைச் செலவழிக்காமல் இருப்பதே மேல்.

சரியான வேலை அறுப்பதில் தொடங்குகிறது. சாக்பீஸ் கோட்டுக்கு வெளியே, மேல் ஓட்டை மட்டும் கட்டரால் அறுத்து எடுக்க வேண்டும். பிளேடு ஆழமாக இறங்கி அடி ஓட்டைத் தொட்டுவிட்டால் வேலை இரட்டிப்பு. மக்கிய பிளைவுட்டைச் சுரண்டி எடுத்து, உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவி, முழுதாகக் காயவிட வேண்டும். இந்தக் காய்ச்சலுக்குத்தான் பொறுமை வேண்டும். பழுது நிற்குமா, போகுமா என்பது பாதி இங்கேயே முடிவாகிவிடுகிறது.

அடுத்து, வெட்டிய விளிம்பைக் கிரைண்டரால் சரிவாகத் தேய்க்க வேண்டும். ஓட்டின் கனத்தைப்போலப் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவு என்பது பொதுவான அளவு. ஓடு 5 மில்லிமீட்டர் என்றால் சரிவு 60 மில்லிமீட்டர். இவ்வளவு எதற்கு? இறுகிப்போன பழைய ஃபைபரோடு புதிய ரெசின் ரசாயன ரீதியாகக் கலப்பதில்லை. சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. பிடிக்கப் பரப்பு வேண்டும். தேய்த்த இடத்தை அசிட்டோனால் துடைத்த பிறகு கைகூடப் படக் கூடாது.

புதிய பிளைவுட்டின் எல்லா முகங்களிலும், முக்கியமாக வெட்டிய ஓரங்களில், ரெசின் தடவிய பிறகே உள்ளே ஒட்ட வேண்டும். அதன் மேல் மேட். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஒரு அடுக்கு போட்டால் ஏறக்குறைய ஒரு கிலோ ரெசின் குடிக்கும். ஒரு மில்லிமீட்டர் கனம் வரும். ஐந்து அடுக்கையும் ஒரே மூச்சில் போட்டுவிட ஆசை வரும். வேண்டாம். ரெசின் இறுகும்போது சூடாகும். கனம் கூடினால் சூடும் கூடி, தளமே கோணிவிடும், வெடிப்பும் விடும். இரண்டு, மூன்று அடுக்கு போட்டு, ஆறவிட்டுத் தொடர்வதுதான் முறை. ஒவ்வொரு அடுக்கிலும் ரோலர் ஓட்டிக் காற்றுக் குமிழியை வெளியேற்ற வேண்டும்.

ஊற்றும் கை கவனம்

ரெசினை இறுக வைப்பது எம்.இ.கே.பி. என்ற ஹார்ட்னர். ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம் வரை. வெயில் ஏற ஏற, இந்த அளவுக்குள்ளேயே குறைத்துக்கொள்ள வேண்டும். கண்மதிப்பில் மூடியால் ஊற்றுவதைவிட ஒரு சின்னத் தராசு வாங்கிவிடலாம். குறைந்தால் வாரக்கணக்கில் பிசுபிசுக்கும். கூடினால் மக்கிலேயே கல்லாகிவிடும்.

இதைவிட முக்கியமான ஒன்று. கோபால்ட் எனும் ஆக்சிலரேட்டரும் இந்த ஹார்ட்னரும் நேரடியாகச் சந்திக்கவே கூடாது. சந்தித்தால் தீ, வெடிப்பு. முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அப்புறம்தான் ஹார்ட்னர். இரண்டு பாட்டிலையும் ஒரே பெட்டியில் வைக்கவும் கூடாது. ஹார்ட்னர் ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். உடனே 15 நிமிடமாவது தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, மருத்துவரிடம் ஓட வேண்டும். ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி இந்த அலைச்சல் மொத்தத்தையும் தவிர்க்கும்.

ஃபைபர் வேலை நடக்கும் இடங்களில் முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு கிரைண்டர் பிடிப்பதைப் பார்க்கலாம். நுண்ணிய கண்ணாடித் தூளைத் துண்டு தடுக்காது. என்-95 மாஸ்க் தடுக்கும். ஆனால், ரெசினிலிருந்து வரும் ஸ்டைரீன் வாடைக்கு அதுவும் போதாது. ரசாயன ஆவியைத் தடுக்கும் கேட்ரிட்ஜ் மாஸ்க் தேவை. பக்கத்தில் பீடி, சிகரெட் கூடவே கூடாது. தூள் பட்டுக் கை அரித்தால் தேய்க்காமல் குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். வேலை பார்த்த சட்டையைக் குழந்தைகள் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கொடுத்தால் வீடே சொறியும்!

கடைசியாக ஜெல் கோட். காற்றுப் படும் பக்கம் இது லேசில் இறுகாது. அதனால் மேல்பூச்சில் மெழுகுக் கரைசல் கலக்கிறார்கள். நிறம் எதுவாகவும் இருக்கட்டும், தளம் வழவழப்பாக இருக்கக் கூடாது. ஈரப் பூச்சின் மேல் சலித்த காய்ந்த மணலைத் தூவி, இறுகியதும் உதிரியைப் பெருக்கிவிட்டு, இன்னொரு பூச்சு கொடுத்தால் மீன் சளியிலும் கால் வழுக்காது.

கொக்கிகளைத் திரும்ப மாட்டும்போது பழைய தப்பு திரும்ப நுழையும். ஸ்க்ரூவுக்குத் தேவையானதைவிடப் பெரிய துளையாகப் போட்டு, அதை ரெசின் பட்டியால் முழுக்க அடைத்து, இறுகிய பிறகு நடுவே சரியான அளவில் மறுபடி துளைக்க வேண்டும். அப்போது ஸ்க்ரூ மரத்தைத் தொடாது, தண்ணீரும் தொடாது. எல்லாம் முடிந்து சில நாள் கழித்து, தளத்தில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிவிட்டு, டார்ச்சோடு கீழே படுத்து ஒவ்வொரு துளையின் அடியையும் பார்த்துவிடுங்கள். கசிகிறதென்றால் கடலில் இறக்குவதற்கு முன்பே அந்த ஸ்க்ரூவைக் கழற்றிவிடலாம்.