நிற்பதும் வளர்வதும்

புல்வெளியில் ஒரு சதுர மீட்டருக்குக் கயிறு கட்டி, உள்ளே இருக்கும் புல்லைத் தரையோடு அறுத்து, எடை இனி இறங்காது என்ற நிலை வரும்வரை உலர்த்தி நிறுத்தால், அந்த இடத்தின் தாவர உயிர்த்திரள் தெரிந்துவிடும். அதுவும் தரைக்கு மேலே உள்ள பங்கு மட்டும்தான். புல்லின் பெரும்பகுதி மண்ணுக்குள் வேராக இருக்கிறது. அதைத் தோண்டி, அலசி, சல்லடையில் அரித்தெடுப்பதுதான் பெரும்பாடு. மரத்தை வெட்டி நிறுப்பதில்லை. நெஞ்சுயரத்தில் சுற்றளவை அளந்து கணக்குப் போடுகிறார்கள்.

உயிர்த்திரள் என்பது கையிருப்பு. உற்பத்தித்திறன் ஆண்டு வருமானம்: செடி தன் சுவாசத்துக்குச் செலவழித்தது போக மிச்சம் பிடிப்பது.

அமெரிக்கச் சூழலியலாளர் ராபர்ட் விட்டேக்கர் 1970களில் தந்த உலர்எடைக் கணக்கு இன்றும் வழிகாட்டுகிறது. வெப்பமண்டல மழைக்காட்டில் சதுர மீட்டருக்குச் சுமார் 45 கிலோ கையிருப்பு, ஆண்டு வருமானம் 2.2 கிலோ. சதுப்பு நிலத்தில் 15 கிலோ, 2 கிலோ. மூன்றிலொரு பங்கு இருப்பை வைத்துக்கொண்டு ஏறக்குறைய காட்டுக்கு நிகராகச் சம்பாதிக்கிறது சதுப்பு! மிதவெப்பப் புல்வெளியில் 1.6 கிலோவுக்கு 0.6 கிலோ. காடு தன் இருப்பளவு சம்பாதிக்க இருபது ஆண்டு ஆகிறது. புல்லுக்கு மூன்று ஆண்டுகூட வேண்டாம். மரம் வருமானத்தைக் கட்டையாக்கிப் பல்லாண்டு சேர்த்து வைக்கிறது. புல்லுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

கரையை விட்டு விலகிய திறந்த கடல்தான் என்னை எப்போதும் வியக்க வைப்பது. அங்கே இருப்பு வெறும் 3 கிராம், வருமானம் 125 கிராம். கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள் சில நாளில் இரண்டாகப் பிரிகின்றன. பிரிந்த வேகத்தில் தின்னவும் படுகின்றன. பரப்பு பெரிது என்பதால், உலகத் தாவர உற்பத்தியில் ஏறக்குறைய பாதி கடலுடையது.

கையிருப்புக்கும் வருமானத்துக்கும் உள்ள இந்த வித்தியாசம் தெரியாமல் போனதற்கு நீலகிரி விலை கொடுத்திருக்கிறது. உச்சிப் புல்வெளிகளை வெற்றிடமாக எண்ணி, ஆங்கிலேயர் காலம் தொட்டுச் சீகையும் கற்பூர மரமும் நட்டார்கள். கையிருப்பு ஏறியது, வரையாடு மேய்ந்த இடம் போனது. சீகையை அகற்றிய சரிவுகள் சிலவற்றில் இப்போது புல்லை நாற்றாக நடுகிறார்கள். சீகை விதை மண்ணில் பல்லாண்டு உயிரோடு கிடப்பதால், முளைத்துவரும் கன்றுகளைத் திரும்பத் திரும்பப் பிடுங்க வேண்டியிருக்கிறது.