கோலிக்குண்டின் பிறப்புச் சான்றிதழ்!

போடிமெட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்த என் தாத்தாவின் தகரப்பெட்டியில் ஏழு கோலிக்குண்டுகள் கிடைத்தன. ஒன்று சோடா பாட்டில் குண்டு. ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-ல் காப்புரிமை பெற்ற பாட்டிலுக்குள் உருளும் சமாச்சாரம், வெறும் கண்ணாடி. மற்ற ஆறிலும் சுருள் சுருளாய் வண்ணம்!

பழைய குண்டில் கம்பெனி பேர் இருக்காது. செய்முறை விட்டுப்போன தழும்பைத்தான் பார்க்கணும். ஜெர்மனியின் லௌஷா ஊரில் 1840களிலிருந்து, வண்ண இழை பொதிந்த கண்ணாடிக் கம்பியைச் சூட்டோடு முறுக்கி, நுனியைக் கிண்ணக் கத்தரியில் உருட்டி வெட்டினார்கள். வெட்டின இடம் சொரசொரப்பாக நிற்கும்.

அமெரிக்காவில் ஆக்ரன் நகரத்து மார்ட்டின் கிறிஸ்டென்சன் 1905-ல் எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அதிலும் உருகிய கண்ணாடியைக் கம்பியில் எடுத்துச் சொட்டவிட்டது மனுஷன் கைதான், உருண்டையாக்கியதுதான் மெஷின். கம்பியைத் திருப்பிக்கொண்டே சொட்டவிட்டதால் ஒரு முனையில் '9' போல் சுழி, எதிர்முனையில் வால். ஆக்ரோ அகேட் கம்பெனி (1951-ல் மூடப்பட்டது) குண்டுகள் சிலவற்றில் நிறம் போல்ட் மரை மாதிரி முனைக்கு முனை சுற்றி ஓடும். மெக்கானிக்கல் நண்பர்களுக்குச் சொல்லவே வேண்டாம்!

இதெல்லாம் தெரியுமுன் நான் செய்த காரியம் கேளுங்கள். இருந்ததிலேயே அழகான குண்டின் முனை சொரசொரவென்று இருந்தது. அசிங்கமா இருக்கேன்னு ஒர்க்‌ஷாப்பில் எமரித் தாள் போட்டு வழவழவென்று தேய்த்துவிட்டேன். உள்ளே இழைகள் முறுக்கோடு அப்படியே இருக்கின்றன. கத்தரி பட்ட சாட்சி போச்சு. மறுமுனையிலும் தழும்பு இருந்ததா? ஞாபகமே வரமாட்டேங்குது.

மீதி ஐந்தில் ஒன்றில் '9' இருக்கு. ஹாஸ்டலுக்கு வந்தால் காட்டுகிறேன், எமரித் தாள் இல்லாமல் வாருங்கள்!