மாணவர் குழுவாக ஐரோப்பா: சிக்கனப் பயணத்திற்குக் கணக்குப் போடுவது எப்படி?

கோடை விடுமுறைக்கு இரண்டு மூன்று மாதங்கள் இருக்கும்போதே எங்கள் கிளைகளின் அந்நியச் செலாவணிப் பிரிவிற்குக் கல்லூரி மாணவர்கள் குழுவாக வரத் தொடங்கிவிடுகின்றனர். அவர்கள் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "இன்று யூரோ என்ன விலை?" கேள்வி தவறன்று. ஆனால் ஒரு மாணவர் 600 யூரோ வாங்குவதாக வைத்துக்கொண்டால், யூரோவின் மதிப்பு ஒரு ரூபாய் ஏறினால் அவருக்குக் கூடுதற்செலவு 600 ரூபாய்தான். எந்த வழியில் செல்வது, எதை எப்போது முன்பதிவு செய்வது, யார் பெயரில் பணம் எடுத்துச் செல்வது என்னும் முடிவுகளில் நேரும் பிசகு அதைவிடப் பன்மடங்கு செலவை இழுத்துவிடும். அம்முடிவுகள் எல்லாம் இந்தியாவை விட்டுப் புறப்படுவதற்கு முன்பே எடுக்கப்படுபவை.

விளக்கத்திற்காக ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். இருபது மாணவர்கள், பத்து இரவுகள். மியூனிக்கில் மூன்று, சால்ஸ்பர்க்கில் ஒன்று, வியன்னாவில் நான்கு, புடாபெஸ்டில் இரண்டு. இந்நான்கு நகரங்களும் ஏறத்தாழ ஒரே கோட்டில், மேற்கிலிருந்து கிழக்காக அமைந்துள்ளன. ஒரு நகரிலிருந்து அடுத்த நகருக்கு ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை முதல் மூன்று மணி நேரமே ஆகும். பாரிஸ், ரோம், ஆம்ஸ்டர்டாம் மூன்றையும் ஒரே பயணத்தில் பார்த்துவிட வேண்டும் என்னும் ஆசை இளையோருக்கு இயல்பானதே. எனினும் அத்தகைய திட்டத்தில் பணமும் பகற்பொழுதும் போக்குவரத்திலேயே கரைந்துவிடும். மியூனிக்கில் இறங்கிப் புடாபெஸ்டிலிருந்து திரும்புமாறு ஒரே பயணச்சீட்டாக விமானத்தைப் பதிவு செய்தால், வந்த வழியே மீண்டும் திரும்பும் செலவும் மிஞ்சும்.

அடுத்து, பொதுச்செலவையும் தனிச்செலவையும் முதலிலேயே பிரித்தெழுத வேண்டும். தங்குமிடம், ரயில், நகரப் போக்குவரத்து, காப்பீடு ஆகியவை எல்லாருக்கும் ஒன்றே. உணவு, நுழைவுக்கட்டணம், பொருள் வாங்குதல் ஆகியவை அவரவர் விருப்பம். குழுவில் வசதி குறைந்த மாணவர் எவரோ, அவரால் இயலும் தொகையையே பொதுச்செலவின் அளவாகக் கொள்ளவேண்டும் என்பது எங்கள் கருத்து. நண்பர்கள் முன்னிலையில் "என்னால் இவ்வளவு முடியாது" என்று சொல்லக் கூசும் மாணவர், பின்னர் வீட்டில் நகையை அடகு வைக்கச் சொல்வதைத் தவிர்க்க இதுவே வழி. யார் எவ்வளவு தர இயலும் என்பதைக் கூட்டத்தில் கேளாமல், உடன்வரும் ஆசிரியர் தனித்தனியே கேட்டறிவது நன்று.

இனி, வங்கியாளர் என்ற முறையில் நாங்கள் அதிகம் வலியுறுத்த விரும்பும் செய்தி. எல்லாருடைய பணத்தையும் திரட்டி, உடன்செல்லும் ஆசிரியர் ஒருவரின் பெயரில் ஒரே செலாவணி அட்டையில் ஏற்றிக்கொள்ளலாம் என்று பல குழுக்கள் எண்ணுகின்றன. பார்வைக்கு எளிய வழிதான். ஆனால் ரிசர்வ் வங்கியின் தாராளமயமாக்கப்பட்ட பணம் அனுப்பும் திட்டத்தில் கணக்கு ஒவ்வொரு தனிமனிதரின் பான் எண்ணின்மேல் வைக்கப்படுகிறது. சுற்றுலா போன்ற நோக்கங்களுக்கு ஒருவர் ஒரு நிதியாண்டில் பெறும் செலாவணி 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகையின்மீது 20 விழுக்காடு வரி மூலத்திலேயே வசூலிக்கப்படும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 60 யூரோ எனப் பத்து நாளுக்கு 600 யூரோ. கணக்கின் எளிமைக்காக ஒரு யூரோவை 100 ரூபாய் என்று கொண்டால் 60,000 ரூபாய். இருபது பேருக்கு 12 லட்சம். அனைத்தும் ஆசிரியர் பெயரில் சென்றால் 2 லட்சத்தின்மீது 40,000 ரூபாய் வரியாகப் பிடிக்கப்படும். அத்தொகை அழிந்துபோவதில்லை, ஆசிரியர் தம் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது அதை ஈடுசெய்துகொள்ளலாம். ஆயினும் பயணத்திற்கு வேண்டிய பணம் வேண்டிய நாளில் கையில் இராது. பின்னர் அது யாருக்கு எவ்வளவு உரியது என்னும் வழக்கும் எழும். மாணவர் ஒவ்வொருவரும் தம் பெயரில் அட்டை பெற்றால் இச்சிக்கல் இல்லை. இதற்குப் பான் எண் கட்டாயம். இல்லாதவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிப்பது நலம்.

பயண நிறுவனத்தின் தொகுப்புச் சுற்றுலாவை வாங்குவோருக்கு 10 லட்சம் என்னும் விலக்கு இல்லை. முதல் ரூபாயிலிருந்தே வரி பிடிக்கப்படும். அதன் விகிதம் நிதிநிலை அறிக்கைதோறும் மாறக்கூடியதாகையால் பணம் செலுத்தும் நாளில் கேட்டறிந்துகொள்க.

விசாவுக்கு வருவோம். நான்கு நகரங்களும் ஷெங்கன் பகுதியைச் சேர்ந்தவையாதலின் ஒரே விசா போதும். முதலில் கால் வைப்பது ஜெர்மனியில் என்றாலும், அதிக நாள் தங்குவது வியன்னாவும் சால்ஸ்பர்க்கும் உள்ள ஆஸ்திரியாவில் என்பதால் விண்ணப்பம் ஆஸ்திரியாவுக்கே செல்லவேண்டும். பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ; அதாவது இருபது பேருக்கு 1,800 யூரோ. கல்வி அல்லது கல்விப் பயிற்சிக்காகச் செல்லும் மாணவர்களுக்கும் உடன்செல்லும் ஆசிரியர்களுக்கும் ஷெங்கன் விதிகளில் இக்கட்டணத்திலிருந்து விலக்கு உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. வெறும் ஊர்சுற்றலுக்கு இது பொருந்தாது. கல்லூரியின் ஏற்பாட்டில், அங்குள்ள பல்கலைக்கழகத்தின் அழைப்புக் கடிதத்தோடு செல்லும் குழு இதைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோ அளவிலான மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

செலவுக்கான ஆதாரமாகப் பெற்றோரின் வங்கிக் கணக்கு அறிக்கை கேட்கப்படும். விண்ணப்பத்திற்குச் சில நாள்கள் முன்பு திடீரெனப் பெருந்தொகை வரவு வைக்கப்பட்டிருந்தால் அது உதவுவதற்கு மாறாக ஐயத்தையே எழுப்பும். மாதச் சம்பளமும் வழக்கமான செலவும் தெரியும் எளிய கணக்கே மேல்.

இருபது பேரில் ஒருவருக்கு விசா மறுக்கப்பட்டால் என்ன செய்வது? இக்கேள்வியை எழுப்பக் குழுக்கள் தயங்குகின்றன; அபசகுனம் என்று எண்ணுவார்கள் போலும். தங்குமிடத்தையும் ரயிலையும் இரத்து செய்யக்கூடிய கட்டணத்தில் முதலில் பதிவு செய்து, விசா கைக்கு வந்தபின் மலிவான, திரும்பப் பெற இயலாத கட்டணத்திற்கு மாறுவது ஒரு வழி. அவ்வாறு இயலாதபோது, மறுக்கப்பட்டவரின் பங்கை யார் ஏற்பது என்பதை முன்கூட்டியே எழுதி எல்லாரும் கையொப்பமிட்டுக்கொள்ள வேண்டும். நட்பைக் காக்க இதைவிடச் சிறந்த பத்திரம் இல்லை.

தங்குவதற்கு இளையோர் விடுதிகளே மாணவர்க்கு ஏற்றவை. உலகின் முதல் நிரந்தர இளையோர் விடுதி 1912-இல் ஜெர்மனியின் ஆல்டெனா கோட்டையில் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் ரிச்சர்ட் ஷிர்மன் என்னும் பள்ளி ஆசிரியர்; மாணவர்களை நடைப்பயணம் அழைத்துச் சென்றபோது தங்க இடம் கிடைக்காத அனுபவமே அவரைத் தூண்டியது. இன்று பன்னாட்டு விடுதி அமைப்பில் இந்திய இளையோர் விடுதிகள் சங்கமும் உறுப்பினர். இங்கே பெறும் உறுப்பினர் அட்டை அங்கும் செல்லும். பல விடுதிகளில் பொதுச் சமையலறை உண்டு. வாடகையோடு நகர வரியும் சேரும் என்பதைக் கணக்கில் கொள்க. மியூனிக்கில் செப்டம்பர் பிற்பகுதி முதல் அக்டோபர்த் தொடக்கம்வரை நடக்கும் அக்டோபர் விழா நாள்களில் படுக்கை விலை பன்மடங்கு உயரும். அந்த நாள்களைத் தவிர்த்துவிடுக.

ரயிலில் ஒரு நுட்பம் உண்டு. பவேரிய மாநிலத்தின் ஒருநாள் சீட்டில் ஐந்து பேர்வரை சேர்ந்து செல்லலாம். முதலாமவருக்குப் பிறகு சேரும் ஒவ்வொருவருக்கும் சிறு கூடுதல் தொகையே. வட்டார ரயில்களில் மட்டும், வேலைநாள்களில் காலை 9 மணிக்குப் பிறகே செல்லும் இச்சீட்டு, எல்லை தாண்டி சால்ஸ்பர்க் வரை பயன்படும். ஆகவே குழுவை ஐந்தின் மடங்காக அமைப்பது இலாபம். இருபத்தோராவது ஆள் தனிச்சீட்டு எடுக்க நேரும்.

உணவில் சிக்கனம் பெரிதும் கைகூடும். ஆனால் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடப்பட்டிருக்கும். சனி மாலையே காய்கறியும் ரொட்டியும் வாங்கிவிட வேண்டும். வியன்னாவின் குழாய்நீர் ஆல்ப்ஸ் மலையூற்றுகளிலிருந்து வருவது. அதற்கான முதற்பெருங்குழாய் 1873-இல் அமைந்தது. புட்டியில் நிரப்பிக் குடித்தால் காசு மிச்சம். வீட்டிலிருந்து பருப்புப் பொடி கொண்டுசெல்லத் தடையில்லை. பாலும் இறைச்சியும் சார்ந்த பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்திற்குள் பயணிகள் கொண்டுசெல்லக் கூடாது. அம்மா தரும் நெய்ப் புட்டி இங்கேயே இருக்கட்டும். மாம்பழமும் அவ்வாறே.

அருங்காட்சியகங்களின் மாணவர் சலுகைகளைப் படிக்கும்போது நிதானம் வேண்டும். "26 வயதுக்குட்பட்டோருக்கு இலவசம்" என்னும் அறிவிப்பின்கீழ் ஐரோப்பாவில் வசிப்போருக்கு மட்டும் என்ற வரி சிறிய எழுத்தில் இருக்கலாம். பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் அத்தகையதே. அங்கு எல்லா நாட்டவர்க்கும் இலவசம் 18 வயதுக்குட்பட்டோருக்குத்தான். வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகம் 19 வயது நிரம்பாத அனைவரையும் கட்டணமின்றி அனுமதிக்கிறது. அதே நகரின் அரசு இசைநாடக அரங்கில், அமர்ந்து பார்ப்போர் கொடுப்பதில் சிறு பகுதிக்கு நின்று பார்க்கும் சீட்டு கிடைக்கும்.

அட்டையைத் தேய்க்கும்போது கருவி "ரூபாயிலா, யூரோவிலா" என்று கேட்டால் யூரோவையே தெரிவு செய்க. ரூபாயைத் தெரிவு செய்தால் கடைக்காரர் தரப்பு நிர்ணயிக்கும் மாற்று விகிதம் பொருந்தும். அது பெரும்பாலும் நமக்குப் பாதகமானது. ஹங்கேரியின் நாணயம் ஃபோரின்ட் ஆதலின் புடாபெஸ்டில் அதையே தெரிவு செய்யவேண்டும். யூரோ அட்டையை அங்கே பயன்படுத்தினால் நாணய மாற்றுக்கட்டணம் உண்டா என்று புறப்படுமுன் கிளையில் கேட்டுக்கொள்க. சாதாரணப் பற்று அட்டையை மாற்று ஏற்பாடாக வைத்திருப்போர், வெளிநாட்டுப் பயன்பாட்டுக்கு அதைத் திறந்துவிட மறவாதீர். புதிய அட்டைகள் உள்நாட்டுக்கு மட்டுமே இயங்குமாறு தரப்படுகின்றன.

திரும்பி வந்தபின் மிஞ்சிய செலாவணியை 180 நாள்களுக்குள் வங்கியில் ஒப்படைக்கவேண்டும். 2,000 அமெரிக்க டாலருக்கு ஈடான தொகைவரை அடுத்த பயணத்திற்காகக் கையிலேயே வைத்துக்கொள்ள அனுமதி உண்டு.