மெரினாவுக்குப் போக யார் கையெழுத்து வேண்டும்?

முதியோர் இல்லத்திலிருந்து பீச்சுக்கு வேன் கிளம்புகிறது என்றால், பல இடங்களில் முதல் வேலை பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப் அனுப்புவதுதான். “அம்மா வேண்டாம், விழுந்துவிட்டால் யார் பார்ப்பது?” என்று பதில் வந்துவிட்டால் அந்த அம்மாளுக்கு வேனில் இடமில்லை. போக ஆசையா என்று அவரை யாரும் கேட்பதில்லை.

சட்டம் இப்படிச் சொல்லவில்லை. தெளிவாக முடிவெடுக்கக் கூடியவர் என்றால், வயது 60 ஆனாலும் 90 ஆனாலும் சம்மதம் அவருடையது. மாதக் கட்டணத்தை மகன் கட்டுகிறார் என்பதற்காக அம்மாவின் நடமாட்டம் அவர் கைக்குப் போய்விடாது. அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் தனிமனித சுதந்திரம் இல்லத்தின் வாசலோடு முடிவதில்லை. விருப்பத்துக்கு மாறாக அடைத்து வைப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 127ஆவது பிரிவில் வரும் குற்றம். மறதி நோய் முற்றியவர்கள் கதை வேறு. அவர்களுக்குக் குடும்பமும் மருத்துவரும் கலந்து முடிவெடுக்கலாம். அப்போதும் கூட ஓர் ஆள் கூடுதலாகப் போனால் முடியுமா என்று யோசித்த பிறகே ‘வேண்டாம்’ என்று சொல்ல வேண்டும்.

ஆபத்து உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எல்லோரும் அஞ்சுவது அலைக்கு. உடலில் நீர் குறைவதும் ஆளைச் சாய்க்கும். வழியில் கழிப்பறை கிடைக்காதே என்று வயதான பெண்கள் காலையிலிருந்தே தண்ணீரைத் தொடமாட்டார்கள். வயதானால் தாக உணர்வே மங்கும். இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் இன்னும் மோசம். வேனிலிருந்து எழுந்து இறங்கி நின்றதும் தலை சுற்றும். எனவே பயணத் திட்டத்தில் சுண்டலுக்கு முன்பு கழிப்பறை வர வேண்டும். எங்கே இருக்கிறது, மேற்கத்தியக் கோப்பை உண்டா, படி எத்தனை என்று முன்தினமே ஒருவர் போய்ப் பார்த்துவிட வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகக் கூடாது. வெயில் தாழ்ந்த பிறகு கிளம்புவதே நல்லது.

சக்கர நாற்காலி மணலில் புதையும். மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான மரப்பாதை 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு சரிசெய்யப்பட்டது. அது இப்போது எப்படி இருக்கிறது என்பதையும் அந்த முன்தினப் பயணத்திலேயே பார்க்கலாம். மெரினாவில் குளிக்கத் தடை உண்டு. கால் நனைக்க ஆசைப்படுவார்கள்தான். ஆனால் திரும்பும் அலை காலடி மணலை அரித்துச் செல்லும், பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் விடக் கூடாது. ஒவ்வொருவர் பையிலும் பெயர், இல்லத்தின் எண், மருந்து விவரம் எழுதிய அட்டை இருக்கட்டும்.

நன்கொடையாளர் படமெடுத்துப் பகிரவும் அதே சம்மதம் தேவை. வேன் வாடகை கொடுத்ததால் முகம் அவருடையதாகிவிடாது.

“என்ன நடந்தாலும் இல்லம் பொறுப்பல்ல” என்று எழுதி வாங்கியிருக்கலாம். அந்தத் தாள் மட்டுமே கவனக்குறைவை மறைத்துவிடாது. கட்டணம் வாங்கும் இல்லம் என்றால் 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம்; செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணமே கிடையாது. உடனடி உதவிக்கு 108. வெளியே விட மறுக்கிறார்கள், மிரட்டுகிறார்கள் என்றால் முதியோர் உதவி எண் 14567. காலை 8 முதல் இரவு 8 வரை பேசலாம். அந்த எண்ணை அலுவலக அறையில் ஒட்டிப் பயனில்லை, கட்டில் பக்கத்துச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள்.