குழி தோண்டும் முன் ஒரு வரைபடம்

ஜூன் 5 அன்று காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் உறுதிமொழி, நான்கைந்து குழிகள், கன்றுகள், ஒரு நிழற்படம். உலகச் சுற்றுச்சூழல் தினத்தைப் பல ஆண்டுகள் நானும் இப்படித்தான் நடத்தினேன். ஆகஸ்டில் போய்ப் பார்த்தால் கன்றுக்கு முட்டுக்கொடுத்த குச்சி மட்டும் நிற்கும். மறு ஆண்டு அதே குழியில் வேறொரு கன்று வைப்போம். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "சார், போன வருஷமும் இங்கதான நட்டோம்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

விடை நம் புவியியல் பாடத்திலேயே இருக்கிறது. சாத்தான்குளம் பகுதிக்குப் பெரும்பாலான மழை வடகிழக்குப் பருவக்காற்றால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிடைக்கிறது. ஜூனில் இங்கே வீசும் தென்மேற்குக் காற்று மழை தருவதில்லை. ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகிறது. தேரியில் செம்மணலை மேடு மேடாகக் குவிப்பதும் இந்தக் காற்றுதான். அந்தக் காற்றில் ஒரு சாண் கன்று எப்படித் தாங்கும்?

ஆகவே, நடுவதற்கு முன் இரண்டு வேலைகள்: இருக்கும் மரங்களை வரைபடத்தில் குறிப்பது, ஊரின் மழைக்காலத்தை அறிவது.

வரைபடம் தயாரித்தல்

நியூயார்க் நகரில் 2015-இல் தொடங்கிய கணக்கெடுப்பில், தன்னார்வலர்களும் சேர்ந்து 6,66,000-க்கும் மேற்பட்ட தெருமரங்களை ஒவ்வொன்றாக வரைபடத்தில் குறித்தார்கள். சென்னையில் 'நிழல்' அமைப்பு பொதுமக்களை அழைத்துச் சென்று மரங்களை அறிமுகப்படுத்துகிறது. நமக்குப் பள்ளி வளாகமும் பக்கத்துத் தெருவும் போதும்.

ஒரு வரைபடத் தாளில் கட்டடம், சுற்றுச்சுவர், குழாய், மின்கம்பி ஆகியவற்றை அளவுத்திட்டத்துடன் வரையச் சொல்லுங்கள். பின் ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் எண். மரத்தில் ஆணி அடிக்க வேண்டாம். எண் தாளில் இருந்தால் போதும். பெயர், சுற்றளவு, உயரம், நிழல் விழும் இடம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதலாம்.

தொடக்க வகுப்புக் குழந்தைகள் இலையைச் சேகரித்து, பெயரைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு வரட்டும். நடுநிலை வகுப்பினர் தரையிலிருந்து 130 செ.மீ. உயரத்தில் நூல் சுற்றி அளக்கட்டும். பத்தாம் வகுப்பினருக்கு உயரம். 1 மீட்டர் குச்சியின் நிழல் 80 செ.மீ.; அதே நேரத்தில் வேம்பின் நிழல் 6.4 மீட்டர் என்றால் வேம்பின் உயரம் 8 மீட்டர். வடிவொத்த முக்கோணங்கள் பாடம் கரும்பலகையை விட்டு முற்றத்துக்கு வந்துவிடும்.

பனையிடம் கற்பவை

நம் பகுதியின் வரைபடத்தில் பனையே முந்தி நிற்கும். வேம்பு ஆண்டுக்கு ஆண்டு பருக்கும்; பனை ஒருவித்திலைத் தாவரம் என்பதால் அப்படிப் பருப்பதில்லை. ஆகவே சுற்றளவைக் கொண்டு பனையின் வயதைச் சொல்ல முடியாது. ஆண் எது, பெண் எது என்பதும் பாளை வரும்வரை தெரியாது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். ஊரில் பனையேறும் பெரியவர் இருந்தால் ஒரு பாடவேளைக்கு அழையுங்கள். 'அலகுப் பனை', 'பருவப் பனை' என்ற சொற்களை அவர் வாயால் கேட்பது தனிச் சுவை. உடன்குடி கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததையும் அப்போது பேசலாம்.

பனை நம் மாநில மரம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021-22 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. இதை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

எதை, எங்கே, எப்போது?

வரைபடத்தைப் பார்த்தாலே வெற்றிடம் தெரியும். மதிய உணவு உண்ணும் இடத்தில் நிழல் இல்லையென்றால் அங்கே புங்கன் அல்லது பூவரசு. மின்கம்பியின் கீழே உயரமாக வளரும் எதுவும் வேண்டாம். சுவரை ஒட்டி ஆலும் அரசும் வேண்டாம். பனைக்குக் குளக்கரை ஏற்றது; விளையாடும் இடத்தில் மட்டையும் பழமும் விழும்.

பனங்கொட்டையை நேரடியாக மண்ணில் ஊன்ற வேண்டும். அது முதலில் கீழ்நோக்கித்தான் முளைவிடும். பனங்கிழங்கு தோண்டிய பிள்ளைகளுக்கு இது தெரியும். ஆவணியில் பழம் பொறுக்கி, புரட்டாசியில் ஊன்றினால் ஐப்பசி மழை மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

நட்ட பின்

மாணவர் ஒவ்வொருவரும் ஒரு மரத்தைத் தேர்ந்து, வாரம் ஒருமுறை தளிர், பூ, காய் உள்ளனவா என்று குறிக்கலாம். 'சீசன்வாட்ச்' திட்டத்தில் இந்தியா முழுவதும் பள்ளி மாணவர்கள் இதைச் செய்கிறார்கள். வேம்பு எந்த வாரம் பூத்தது என்று எழுதிய பிள்ளை அதன் கிளையை எளிதில் ஒடிக்காது.

இப்போது எங்கள் பள்ளியில் ஜூன் 5 நடவு நாள் அல்ல, கணக்கெடுப்பு நாள். சென்ற அக்டோபரில் நட்டவற்றில் எவை உயிரோடு இருக்கின்றன, எவை பட்டுப்போயின, ஏன் என்று மாணவர்களே வழிபாட்டுக் கூட்டத்தில் வாசிக்கிறார்கள். பட்டுப்போனவற்றையும் மறைக்காமல் வாசிக்கிறார்கள். அடுத்த குழியை எங்கே தோண்டுவது என்பதை அந்தப் பட்டியல்தான் முடிவு செய்கிறது.