கோலப்பொடியில் ஒரு பட்டாசு ஆலை!

சிவகாசியில் ஒரு கல்யாண மண்டபம். பந்தி நடக்கிற கூடத்தில் பட்டாசு அறை ஒன்று எழும்பி நிற்கிறது! வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவு, தரையில் ரப்பர் விரிப்பு, வாசலில் செம்புத் தகடு எல்லாம் அச்சு அசல். தட்டில் மினுங்கும் அலுமினியப் பொடி மட்டும் சாம்பல் கலந்த கோலப்பொடி.

தொழிலாளர்கள் செல்போனில் பார்க்கப்போகும் பாதுகாப்புப் பாடத்தின் படப்பிடிப்பு இது. வெடிமருந்து புழங்கும் இடத்துக்குள் செல்போனே கூடாது. கேமராவும் லைட்டும் எப்படிப் போகும்? அதனால் ஆலை மண்டபத்துக்கு வந்துவிட்டது. பாடத்தை வீட்டில் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்ப வேண்டும்.

நடிப்பவர்கள் மருந்து செலுத்திப் பழகியவர்கள்தான். "உராய்வைத் தவிர்க்கவும்" என்ற வசனத் தாளை ஒரு அக்கா ஓரமாக வைத்துவிட்டு, தட்டை இழுத்த பெண்ணைப் பார்த்து, "இழுக்காத தாயி, தூக்கி வையி!" என்று போட்டாரே ஒரு அதட்டல்! ஒரே டேக்கில் ஓகே.

நான் சொக்கிப்போனது நிலைமின்சாரக் காட்சியில். கண்ணுக்குத் தெரியாததை எப்படிக் காட்டுவது? நைலான் சேலையைப் பரபரவென்று தேய்த்து முன்கை அருகே கொண்டுபோனார்கள். கேமரா நெருங்குகிறது, கையிலுள்ள பூனைமுடிகள் எழுந்து நிற்கின்றன! மானிட்டரைச் சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் "ஆத்தீ!" என்றார்கள். அடுத்த ஷாட்டில் பருத்திச் சேலை, செம்புத் தகட்டில் உள்ளங்கை. உடம்பில் ஏறிய மின்னேற்றம் தகடு வழியே மண்ணுக்குள் இறங்கிவிடும். அறைக்குள் நுழையுமுன் அதை ஏன் தொடுகிறோம் என்று இனி யாரும் கேட்க மாட்டார்கள்.

ஓர் அறைக்கு நான்கு பேர்தான். ஐந்தாவதாக ஒருத்தி டீத் தூக்கோடு காலெடுத்து வைக்க, படம் அப்படியே நிற்கிறது. பார்ப்பவர் அவளைத் தொட்டு வெளியே அனுப்பினால்தான் பாடம் மேலே ஓடும். முன்னோட்டம் பார்த்த ஒரு பாட்டி, "போடி வெளிய!" என்று திரையில் வைத்தார் விரலை. இதைவிட என்ன வேண்டும்!

கடைசிக் காட்சி ஊர்ப் பிள்ளைகளுக்கானது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இறந்தவர்களில் பலர், தீயைக் கண்டு உதவ ஓடியவர்களும் பார்க்கப் போனவர்களும். அதனால் இங்கே பிள்ளைகள் புகைக்கு எதிர்த் திசையில் ஓடிப் பழகுகிறார்கள். மூச்சிரைக்க, ஆசை தீராமல், இன்னொரு டேக் கேட்டு!

அடுத்து மிச்ச மருந்துப் பாடம். கலந்ததை அன்றே முடிக்காமல் விட்டால், ஈரம் பட்ட அலுமினியக் கலவை தானாகவே சூடேறும். அந்தச் சூட்டைத் திரையில் எப்படிக் காட்டுவது என்று செட்டே மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறது.